பந்தயக் காரின் பின் அச்சு: சோழவரம் காலமும் கிரௌன்–பினியன் மாற்றமும்

வேறுபாட்டுப் பல்லிணை (டிஃபரன்ஷியல்) என்பது எஞ்சினின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பகிர்ந்து தரும் பல்லிணைத் தொகுதி ஆகும். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓட இதுவே இடம் தருகிறது. பின்சக்கரங்களால் உந்தப்படும் கார்களில் இது பின் அச்சின் நடுவே, பூசணிக்காய் போலப் புடைத்த உறைக்குள் இருக்கும். இந்தத் தொகுதியைக் கழற்றி, வேறு பல் எண்ணிக்கை கொண்ட கிரௌன்–பினியன் இணையைப் பொருத்தி, காரின் வேகத்தையும் இழுவையையும் மாற்றும் வேலை உலகெங்கும் விளையாட்டுக் கார் ஆர்வலர்களின் வீட்டுக் கொட்டகைகளில் நடந்து வந்திருக்கிறது. இந்தியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில் இது பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. வாங்கக் கிடைக்காத பந்தயக் காரை வீட்டிலிருந்த காரிலிருந்தே உருவாக்கிக்கொள்ளும் வழிகளில் இதுவும் ஒன்று.

உறுப்புகளும் பட்டறைப் பெயர்களும்

பட்டறைகளில் யாரும் ‘வேறுபாட்டுப் பல்லிணை’ என்று சொல்வதில்லை. ‘டிஃப்ரன்சல்’, ‘ஹவுசிங்’, ‘கிரௌன் பினியன்’ என்பவையே வழக்கு. எஞ்சினிலிருந்து வரும் நீள்தண்டின் முனையில் உள்ள சிறு பல்லிணை பினியன். அது கடித்துச் சுழற்றும் பெரிய வளையம் கிரௌன் சக்கரம். கிரௌன் சக்கரம் ஒரு கூட்டின் மீது போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். கூட்டுக்குள் ஸ்டார் பினியன்கள் எனப்படும் சிறு பல்லிணைகளும், இரு ஆக்சில் ஷாஃப்டுகளையும் பிடித்திருக்கும் பக்கப் பல்லிணைகளும் இருக்கும்.

இங்கே இரண்டு வேலைகள் நடக்கின்றன என்பதை மாணவர்கள் பிரித்தறிவது நல்லது. கிரௌனும் பினியனும் சுழற்சியின் திசையைத் திருப்பி வேகத்தைக் குறைக்கின்றன. கூட்டுக்குள் இருக்கும் சிறு பல்லிணைகளே சக்கரங்களுக்கிடையே வேறுபாட்டை அனுமதிக்கின்றன. ‘டிஃபரன்ஷியலை மாற்றினேன்’ என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் அவர் மாற்றியது முதல் வகையைத்தான்.

இரணியல், திங்கள்நகர் வட்டாரத்தில் மழைக்காலத்தில் வயலோரம் வண்டி ஓட்டியவர்களுக்கு இரண்டாம் வகையின் குறை நன்றாகத் தெரியும். ஒரு பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டால் அது மட்டும் வீணாகச் சுழலும். கெட்டித் தரையில் நிற்கும் மற்றச் சக்கரம் அசையாது. சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமான திருப்புவிசையையே தரும். சேற்றிலுள்ள சக்கரத்தைச் சுழற்றப் போதுமான சிறு விசைதான் மற்றதற்கும் போய்ச் சேரும். பந்தயக்காரர்கள் கூர்வளைவில் சந்தித்த சிக்கலும் இதுவே. வளைவில் உட்சக்கரம் எடை குறைந்து தூக்கலாக நிற்க, எஞ்சினின் வலு அதன் வழியே புகையாகப் போய்விடும்.

முன்வரலாறு

பண்டைச் சீனாவின் ‘தென்திசை காட்டும் தேர்’ இவ்வகைப் பல்லிணையால் இயங்கியது என்று பல நூல்களில் காணலாம். அந்தத் தேர் எதுவும் எஞ்சவில்லை. டிஃபரன்ஷியல் அமைப்பைக் கொண்டு அதை விளக்கி 1947இல் மாதிரி உருவாக்கியவர் ஜார்ஜ் லான்செஸ்டர். அவர் பிரித்தானியக் கார்ப் பொறியாளர் என்பதைக் கவனித்தால், தாம் அறிந்த கருவியைப் பழமையில் கண்டார் என்றே எண்ணத் தோன்றுகிறது.

உறுதியான வரலாறு பிரான்சின் ஒனெசிஃபோர் பெக்கர் 1827இல் நீராவி வண்டிக்காகப் பெற்ற காப்புரிமையிலிருந்து தொடங்குகிறது. 1877இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி மூன்று சக்கர மிதிவண்டிக்கு இதைப் பயன்படுத்தினார். கார்ல் பென்சின் 1886ஆம் ஆண்டுக் காப்புரிமை வண்டியிலும் இது இருந்தது.

அடுத்த பெரிய மாற்றம் ஹைப்பாய்டு பல்லிணை. 1920களில் அமெரிக்காவின் கிளீசன் நிறுவனத்தில் எர்னஸ்ட் வில்டாபர் வடிவமைத்த இம்முறையில் பினியனின் அச்சு கிரௌன் சக்கரத்தின் மையத்துக்குக் கீழே இறங்கி நிற்கும். அதனால் நீள்தண்டும் காரின் தளமும் தாழ்ந்தன, ஓசையும் குறைந்தது. ஆனால் பற்கள் ஒன்றன்மீது ஒன்று உருள்வதோடு நீளவாக்கில் தேய்த்துக்கொண்டும் போகின்றன. சாதாரண எண்ணெய் அங்கே தாங்காது. கந்தகச் சேர்மங்கள் கலந்த தனி எண்ணெய் தேவைப்பட்டது. பழைய ஹவுசிங்கைத் திறந்ததும் எழும் அந்த மூக்கைத் துளைக்கும் நாற்றத்தின் காரணம் இதுவே.

தெற்கே வந்த மோட்டார்

குமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்தபோது, 1938 பிப்ரவரி 20 அன்று அரசுப் போக்குவரத்துத் துறையின் பேருந்துகள் திருவனந்தபுரம்–கன்னியாகுமரித் தடத்தில் ஓடத் தொடங்கின. இலண்டன் பயணியர் போக்குவரத்து வாரியத்திலிருந்து வந்த இ. ஜி. சால்ட்டர் இதற்குப் பொறுப்பேற்றார். இங்கிலாந்திலிருந்து காமர் நிறுவனத்தின் அடிச்சட்டங்களும் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களும் தருவிக்கப்பட்டு, உடற்பகுதிகள் திருவனந்தபுரத்தில் கட்டப்பட்டன. மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் வழியாக ஓடிய இந்தப் பேருந்துகளுக்கு உதிரிப் பாகங்கள் கடல் கடந்துதான் வரவேண்டும். அடுத்த ஆண்டே உலகப் போர் மூண்டது. கழற்றுதல், தேய்மானம் பார்த்தல், ஷிம் வைத்து மீண்டும் சேர்த்தல் என்ற பழுதுபார்ப்பு முறையைத் தென்கோடி வரை பரப்பியவை இத்தகைய பேருந்துப் பணிமனைகள்தாம். கார்ப் பந்தயம் பற்றிய எழுத்துகளில் இவற்றுக்கு இடம் கிடைப்பதே இல்லை. வடக்கே மதுரையில் டி. வி. எஸ். நிறுவனமும், கோவையில் 1920இல் ஒற்றைப் பேருந்துடன் தொடங்கிய ஜி. டி. நாயுடுவின் யு. எம். எஸ். நிறுவனமும் இதே வகையான பணிமனைப் பயிற்சியை வளர்த்தன.

மூன்று கார்களின் காலம்

விடுதலைக்குப் பின் இந்திய அரசு காரைத் துண்டுகளாக இறக்கி இங்கே பூட்டி விற்பதை ஊக்குவிக்கவில்லை. கட்டணக் குழுவின் 1953ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின் உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் வெளியேறின. ஜெனரல் மோட்டார்சும் ஃபோர்டும் அவற்றுள் அடங்கும். எஞ்சியவை கல்கத்தா அருகே உத்தர்பாடாவின் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றே. அடுத்த முப்பது ஆண்டுகள் இந்தியப் பந்தயக்காரருக்குக் கிடைத்த மூலப்பொருள் அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு.

பார்வைக்கு மூன்றும் குடும்பக் கார்கள். ஆனால் அவற்றின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் வேறு கதை தெரியும்.

அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார். அதன் எஞ்சினும் பின் அச்சும் பி. எம். சி. நிறுவனத்தின் ‘பி’ வரிசையைச் சேர்ந்தவை. அதே வரிசையின் எஞ்சினையும் பின் அச்சையும் கொண்டே எம்ஜிஏ என்ற புகழ்பெற்ற விளையாட்டுக் காரும், 1962இல் வந்த எம்ஜிபியின் தொடக்கப் பதிப்பும் உருவாயின. குடும்பக் கார்களில் பினியன் 8, கிரௌன் 39 அல்லது பினியன் 9, கிரௌன் 41 என்ற இணைகள் இருந்தன. எம்ஜிஏவில் 10–43, எம்ஜிபியில் 11–43. விளையாட்டுக் காருக்கும் வாடகைக் காருக்கும் பின் அச்சிலிருந்த முக்கிய வேறுபாடு இந்தப் பல் எண்ணிக்கைதான்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் உறவு இன்னும் நெருக்கமானது. டிரையம்ஃப் நிறுவனம் 1959இல் வெளியிட்ட ஹெரால்டின் வடிவமைப்பாளர் இத்தாலியின் ஜொவான்னி மிக்கலாட்டி. அதே அடிச்சட்ட அமைப்பைச் சுருக்கி அவரே வரைந்த ஸ்பிட்ஃபயர் என்ற திறந்த விளையாட்டுக் கார் 1962இல் வெளிவந்தது. சென்னைக்குத் தெற்கே ஸ்டாண்டர்டு ஆலையில் 1961 முதல் தயாரான ஹெரால்டின் பின்பக்கத்தில், டிஃபரன்ஷியல் அடிச்சட்டத்தோடு பிணைக்கப்பட்டு அசையாமல் நிற்கும். அதன் தலைமீது குறுக்குவாட்டில் ஒரு பட்டைவில். இரு ஆக்சில் ஷாஃப்டுகளும் பறவையின் இறக்கை போல மேலும் கீழும் ஆடும். மேடுபள்ளச் சாலையில் இது சுகம். வேகமாக வளைவில் திரும்பி, நடுவில் ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பகுதி எழும்பி வெளிச்சக்கரம் உள்நோக்கி மடங்கும். 1972இல் இந்திய நிறுவனம் ஹெரால்டைத் திருத்தி ‘கேசல்’ என்ற பெயரில் விட்டபோது இந்த அமைப்பைக் கைவிட்டு வழக்கமான உறுதி அச்சையே வைத்தது. உலகின் பிற நாடுகள் தனிநிலைத் தொங்கமைப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது இங்கே எதிர்த்திசையில் நடந்த இந்த மாற்றத்தைப் பின்னடைவு என்று எழுதுவது வழக்கம். நம் சாலைகளையும் பழுதுபார்க்கும் வசதியையும் வைத்துப் பார்த்தால் அது விவேகமான முடிவு என்றே சொல்ல வேண்டும்.

சோழவரமும் விகிதக் கணக்கும்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஓட்டுநர்கள் அங்கு வந்தனர். வெளிநாட்டுப் பந்தயக் கார் வைத்திருந்த சிலர் இருந்தனர். விஜய் மல்லையா அங்கே பார்முலா–1 வகை என்சைன் காரை ஓட்டியது பலரும் அறிந்தது. பெரும்பாலோர் ஓட்டியவை மெருகேற்றிய அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு கார்களே.

விமானப் பாதை என்பதால் நீண்ட நேர்க்கோடு. அதன் முடிவில் இறுக்கமான திருப்பம். இந்த வடிவமே பின் அச்சு விகிதத்தை முக்கியமாக்கியது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் என்றும், நான்காம் கியரில் எஞ்சினும் நீள்தண்டும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன என்றும் கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றும்போது 8–39 இணை (விகிதம் 4.875) உள்ள கார் மணிக்கு 123 கி.மீ. ஓடும். 10–43 இணையில் (4.3) அதே சுழற்சிக்கு 140 கி.மீ.; 11–43 இணையில் (3.909) 153 கி.மீ.

தாளில் இப்படி. ஓடுபாதையில் இது அப்படியே கிடைக்காது என்பதுதான் இளம் ஆர்வலர்கள் பலர் மறக்கும் செய்தி. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். அதை வெல்லத் தேவையான வலு வேகத்தின் கனத்தில் கூடும். அம்பாசடரின் 1489 கன செ.மீ. எஞ்சினின் வலு சுமார் 50 குதிரைத்திறன். 153 கி.மீ. தரும் இணையைப் போட்டாலும், எஞ்சின் 5000 சுற்றை எட்டாமல் நடுவிலேயே மூச்சுமுட்டி நிற்கும். திருப்பத்திலிருந்து எழும்பும் வேகமும் போய்விடும். எஞ்சினின் வலுவைக் கூட்டாமல் பின் அச்சை மட்டும் ‘வேகமாக்கிய’ கார் பந்தயத்தில் முன்பைவிட மெதுவாக ஓடக்கூடும். இதனால்தான் எஞ்சின் வேலையும் பின் அச்சு வேலையும் சேர்ந்தே நடந்தன. மலைப்பாதை ரேலிகளுக்குத் தேவை நேர் எதிரானது: அங்கே 4.875 போன்ற ‘இழுவை’ இணைக்கே மதிப்பு.

இன்னொரு விளைவையும் சொல்ல வேண்டும். இத்தகைய கார்களில் வேகமானி கியர் பெட்டியின் வெளித்தண்டிலிருந்து இயங்குகிறது. 4.875க்குப் பதிலாக 4.3 போட்டால் 100 கி.மீ. வேகத்தில் ஓடும் கார் 88 என்றே காட்டும். பந்தயத்தில் இது பொருட்டல்ல. அதே காரைச் சாலையில் ஓட்டினால் ஆபத்து.

கொட்டகையில் நடக்கும் வேலை

அம்பாசடர், எம்ஜிஏ வகை அச்சுக்குப் ‘பாஞ்சோ’ அச்சு என்று பெயர். பாஞ்சோ என்ற இசைக்கருவி போன்ற வட்ட உறை. இதில் ஆக்சில் ஷாஃப்டுகளைப் பக்கவாட்டில் உருவி, நீள்தண்டைக் கழற்றி, முன்பக்க நட்டுகளை நீக்கினால் கிரௌன், பினியன், கூடு அனைத்தும் ஒரே பொட்டலமாகக் கையில் வரும். மேசைமீது வைத்து வேலை செய்யலாம். வீட்டு வேலைக்கு ஏற்ற அமைப்பு இதுவே. ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் அப்படியில்லை. பட்டைவில்லையும் ஷாஃப்டுகளையும் விடுவித்து டிஃபரன்ஷியலை முழுதாக இறக்க வேண்டும். உள்ளே கூட்டின் பேரிங்குகள் உறைக்குள் இறுக்கமாக அமர்ந்திருக்கும். உறையை மயிரிழை அளவு விரித்துப் பிடிக்கும் கருவி இல்லாமல் சரியாக எடுக்க முடியாது. நெம்புகோல் போட்டு எடுத்தவர்கள் உறையையே கெடுத்திருக்கிறார்கள்.

புதிய இணையைப் பொருத்துவதில் மூன்று அளவுகள் உயிர்நாடி.

முதலாவது, பினியனின் ஆழம். பினியன் தலைக்கும் அதன் பின் பேரிங்குக்கும் இடையே வைக்கும் ஷிம்மின் தடிமனே பினியன் எவ்வளவு உள்ளே நீட்டி நிற்கும் என்பதை முடிவு செய்கிறது. பழைய ஷிம்மையே புதிய இணைக்கும் போட்டு மூடுவது மிகப் பரவலான குறுக்குவழி. சில சமயம் அது பொருந்தியும்விடும். ஆனால் ஒவ்வொரு இணையும் ஆலையில் தனித்தனியே உரசிப் பொருத்தப்படுகிறது. பேரிங்குகளின் தடிமனும் சிறிது மாறும். ஆகவே அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டாவது, பினியன் பேரிங்குகளின் முன்னிறுக்கம். பினியன் தளர்வாகவும் சுழலக் கூடாது, இறுகியும் நிற்கக் கூடாது. இதற்கு ஆலைகளில் தனிக் கருவி உண்டு. பழைய பிரித்தானியக் கையேடுகள் எளிய வழி ஒன்றையும் சொல்லித்தந்தன: பினியனின் ஃபிளாஞ்சில் கயிற்றைச் சுற்றி, சுருள் தராசால் இழுத்து, சீராகச் சுழற்ற எவ்வளவு விசை வேண்டும் என்று படிப்பது. குளச்சல் சந்தையில் மீன் நிறுக்கும் தராசே போதும். ஃபிளாஞ்சின் ஆரம் 2 அங்குலமாக இருந்து, தராசு 6 பவுண்டு காட்டினால் திருப்புவிசை 12 பவுண்டு–அங்குலம். பள்ளி இயற்பியலின் திருப்புத்திறன் பாடம் இதைவிட நேரடியாகப் பயன்படும் இடம் குறைவு.

மூன்றாவது, பற்களுக்கிடையே உள்ள இடைவெளி. பட்டறையில் ‘பிளே’ என்பர். பினியனை அசையாமல் பிடித்து, கிரௌன் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டி, டயல் கேஜால் அளப்பார்கள். இத்தகைய சிறு கார்களில் இது அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு முதல் ஆறு பங்கு வரை இருக்கலாம். இடைவெளி இல்லையென்றால் சூடேறி விரியும்போது பற்கள் இறுகும்; கூடினால் ஒவ்வொரு முறை கிளட்ச் விடும்போதும் பற்கள் மோதும்.

மூன்றும் சரி என்று அளவுகள் சொன்னாலும் இறுதித் தீர்ப்பு பற்களிடமே இருக்கிறது. பிரஷ்யன் நீலத்தையோ, எண்ணெயில் குழைத்த ஈயச் செந்தூரத்தையோ கிரௌன் பற்களில் மெல்லப் பூசி, சிறிது தடை கொடுத்துச் சுழற்றினால், பினியன் தொட்ட இடம் மட்டும் துடைக்கப்பட்டுத் தெரியும். அந்தத் தடம் பல்லின் நடுவே, நீள்வட்டமாக இருக்க வேண்டும். பல்லின் அடியில் பதிந்தால் பினியன் அளவுக்கு மீறி உள்ளே வந்துவிட்டது. ஷிம்மின் தடிமனைக் குறைக்க வேண்டும். பல்லின் உச்சியில் பதிந்தால் நேர்மாறு. தடம் வளையத்தின் மையத்தை நோக்கிய முனையில் ஒதுங்கினால் கிரௌன் சக்கரத்தைப் பினியனிடமிருந்து சற்று விலக்க வேண்டும். வெளிமுனையில் ஒதுங்கினால் நெருக்க வேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று மாறும். ஆகவே கழற்றி, ஷிம் மாற்றி, பூட்டி, பூசி, சுழற்றிப் பார்க்கும் சுற்று பலமுறை நடக்கும். அழுத்திப் பொருத்திய பேரிங்கை ஒவ்வொரு முறையும் இழுத்து எடுப்பது பெரும்பாடு. அதனால் பழைய பேரிங் ஒன்றின் உள்வளையத்தைச் சற்றே தேய்த்து, கையால் போட்டு எடுக்கும்படி ‘சோதனைப் பேரிங்’ செய்து வைத்துக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

இணையின் பல் எண்ணிக்கைகளை மீண்டும் பார்க்கலாம்: 8–39, 9–41, 10–43, 11–43. எந்த இணைக்கும் பொதுக்காரணி இல்லை. இது தற்செயல் அல்ல. பொதுக்காரணி இல்லாதபோது பினியனின் ஒவ்வொரு பல்லும் காலப்போக்கில் கிரௌனின் எல்லாப் பற்களையும் சந்திக்கும். தேய்மானம் சமமாகப் பரவும். வகுப்பில் ‘பகா எண்களால் என்ன பயன்?’ என்று கேட்கும் மாணவருக்குக் காட்ட நல்ல எடுத்துக்காட்டு.

‘ஒரிஜினல்’, ‘டூப்ளிகேட்’, மூன்றாவது வகை

கார் நிறுவனம் தராத, வெளியார் தயாரித்த பல்லிணைகளைப் பற்றி நம்மிடையே இரண்டே சொற்கள் புழங்குகின்றன. நிறுவனப் பெட்டியில் வந்தால் ஒரிஜினல்; மற்றதெல்லாம் டூப்ளிகேட். இந்தப் பிரிவினை உண்மையை மறைக்கிறது. இந்தியாவில் 1971இல் தொடங்கி மும்பைக்கு அருகே மும்ப்ராவில் ஆலை நடத்திய பாரத் கியர்ஸ் போன்ற நிறுவனங்கள் வாகன ஆலைகளுக்கும் சில்லறைச் சந்தைக்கும் பல்லிணைகளைத் தந்தன. ஒரே கூரையின் கீழ் தயாரானது இரு பெயர்களில் விற்பது இத்தொழிலில் இயல்பு. மறுபுறம், மேற்பரப்பு கடினமாக்கம் சரியாகச் செய்யாத மலிவு இணைகளும் சந்தையில் உண்டு. அவற்றின் பற்கள் சில ஆயிரம் கிலோமீட்டரில் அம்மைத் தழும்பு போலக் குழிந்துவிடும்.

மூன்றாவது வகை, கழித்துக்கட்டிய கார்களிலிருந்து எடுத்த பழைய நிறுவன இணை. சென்னையின் புதுப்பேட்டையும் கோவையின் உக்கடமும் இதற்குப் பெயர் பெற்றவை. அங்கே வாங்குவோர் பார்க்க வேண்டிய முதல் அடையாளம் எண். உரசிப் பொருத்திய இணையின் கிரௌனிலும் பினியனிலும் ஒரே இணை எண் பொறிக்கப்பட்டிருக்கும். எண் வேறானால் அவை ஒன்றோடொன்று பழகியவை அல்ல. எவ்வளவு ஷிம் வைத்தாலும் ஊளை நிற்காது. ஆக்சில் ஷாஃப்டின் வரிப்பற்கள் பக்கப் பல்லிணையோடு ஒத்துப்போகின்றனவா என்பது அடுத்தது. ஒரே குடும்பத்து அச்சுகளிலும் இவை ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கின்றன.

புதிய இணையைப் பூட்டியதும் நேரே பந்தயத்துக்குக் கொண்டுபோவது அதை வீணாக்கும் வழி. முதல் ஓட்டம் கால் மணி நேரம், சுமையின்றி. ஆறவிட்டு மீண்டும் ஓட்ட வேண்டும். சில நூறு கிலோமீட்டருக்குப் பின் எண்ணெயை மாற்ற வேண்டும். வடிந்த எண்ணெயில் இரும்புத் துகள் மினுங்கும். எண்ணெய்த் தரத்திலும் எச்சரிக்கை தேவை. ஹைப்பாய்டு பற்களுக்கு ஏற்ற ஜி. எல்.–5 எண்ணெயைப் பழைய கியர் பெட்டிகளில் ஊற்றினால் அதிலுள்ள பித்தளை, வெண்கல உறுப்புகள் அரிக்கப்படலாம். ‘கியர் ஆயில் எல்லாம் ஒன்றுதான்’ என்ற கடைக்காரரின் பேச்சை நம்பலாகாது.

சுழலாமல் தடுக்கும் வேறுபாடு

கூர்வளைவில் ஒரு சக்கரம் வீணாகச் சுழலும் சிக்கலுக்கு ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் போர்ஷ 1930களில் தீர்வு தேடினார். அவர் வடிவமைத்த ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களுக்காக இசட். எஃப். நிறுவனம் நழுவலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியலை உருவாக்கியது. 1958இல் அமெரிக்கரான வெர்னான் கிளீஸ்மன் புழுப்பல்லிணைகளால் இயங்கும் வேறொரு வகையைக் கண்டார். பின்னர் அது ‘டார்சன்’ என்ற பெயரில் பரவியது.

பணமில்லாத பந்தயக்காரர்களின் தீர்வு வேறு. கூட்டுக்குள்ளிருக்கும் ஸ்டார் பினியன்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே தண்டு போலச் சுழலும். மண் தடத்தில் இது வேலை செய்யும். தார்ச் சாலையில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு டயர் இழுபடும். ஆக்சில் ஷாஃப்ட் முறுக்கேறி என்றாவது ஒருநாள் ஒடியும். உலகெங்கும் நடக்கும் இந்த வேலையைச் சாலையில் ஓடும் காருக்குச் செய்வது, எவ்வளவு திறமையானவர் செய்தாலும், பிறர் உயிரைப் பணயம் வைப்பதே.

மாருதிக்குப் பின்

1983 இறுதியில் வந்த மாருதி 800 முன்சக்கரங்களால் உந்தப்படுவது. எஞ்சின் குறுக்குவாட்டில் இருப்பதால் சுழற்சியின் திசையைத் திருப்பத் தேவையே இல்லை. டிஃபரன்ஷியல் கியர் பெட்டிக்குள்ளேயே சாய்பல் சக்கரங்களோடு அடங்கிவிட்டது. ஹைப்பாய்டு இல்லை, நீலம் பூசித் தடம் பார்க்கும் வேலையும் இல்லை. கோவையின் எஸ். கரிவர்தன் 1980களின் இறுதியில் உருவாக்கிய ‘பார்முலா மாருதி’ ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் இதே எஞ்சினையும் கியர் பெட்டியையும் ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துக்கொண்டது. மலிவான, ஒரே மாதிரியான கார்கள் என்பதால் ஓட்டுநரின் திறமை தெரிந்தது. பின்னாளில் பார்முலா–1 வரை சென்ற நரேன் கார்த்திகேயன் பழகியது இவ்வகைக் காரில்தான். கரிவர்தன் 1995இல் சிறு விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிப்பாளையத்தின் பந்தயத்தடம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத்தடம் வந்ததும் சோழவரத்தின் காலம் முடிந்தது. டயர் நிறுவனங்களின் அணிகள் வந்தன. கொட்டகையில் மெருகேற்றிய குடும்பக் கார் பந்தயத்திலிருந்து மெல்ல விலகியது.

இன்றைய நிலை

பின் அச்சு வேலை இப்போது பெரும்பாலும் பழங்கார் ஆர்வலர்களிடம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு முரணாகும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2021இல் வெளியான விதிகள், முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து மூல வடிவிலேயே பேணப்படும் வாகனங்களைத் தொன்மை வாகனங்களாக ஏற்றுத் தனிப் பதிவு வழங்குகின்றன. அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் செய்யும் மாற்றத்தை அவை கணக்கில் கொள்கின்றன. கிரௌன்–பினியன் அந்த மூன்றிலும் இல்லை. ஆகவே 1960களின் ஹெரால்டு ஒன்றில் ஸ்பிட்ஃபயரின் 9–37 இணையைப் பொருத்தியவர் வெளித்தோற்றத்தில் எதையும் மாற்றவில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறாமல் ஓடும் கார் அவருக்குக் கிடைத்திருக்கிறது.

இதை ஆர்வலர்கள் அனைவரும் ஏற்பதில்லை. ஆலையிலிருந்து வந்தபோது இருந்த பல் எண்ணிக்கையும் வரலாற்றுச் சான்றே என்பது ஒரு தரப்பு. நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்காகச் செய்த காரை நான்குவழிச் சாலையில் உருட்டினால் பின்னால் வரும் லாரிக்கு யார் பொறுப்பு என்பது மறுதரப்பு. இரு தரப்புக்கும் பொருந்தும் நடைமுறை ஒன்று பழங்கார் வட்டங்களில் இருக்கிறது. கழற்றிய பழைய இணையை எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, ஷிம்களின் தடிமனை ஒரு அட்டையில் எழிதிக் கட்டி, காரின் ஆவணங்களோடு பாதுகாப்பார்கள். கார் கைமாறும்போது அந்தப் பொட்டலமும் சேர்ந்தே போகும்.